ஜிடிபி, விலைவாசி, வேலையின்மை: இந்தியாவை எண்ணிக் காட்டிய மஹலனோபிஸ்

மாதாமாதம் 12-ம் தேதி வாக்கில் சில்லறைப் பணவீக்கம் எவ்வளவு என்று ஒரு எண் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிடிபி வளர்ச்சி. 2025 மே மாதத்திலிருந்து வேலையின்மை விகிதமும் மாதந்தோறும் வருகிறது. எண் வந்த அரை மணி நேரத்தில் டிவி விவாதம் ஆரம்பித்துவிடும். ஆளுங்கட்சி ஒன்றைத் தூக்கிப் பிடிக்கும், எதிர்க்கட்சி இன்னொன்றை.

சரி, 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டில் யாருக்கு வேலை இல்லை, எந்த வீட்டில் எதற்கு எவ்வளவு செலவாகிறது என்று யார் போய்க் கேட்டார்கள்? உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா? பெரும்பாலும் வந்திருக்க மாட்டார்கள். வராமலேயே உங்களையும் சேர்த்துக் கணக்குச் சொல்ல முடியும் என்று இந்திய அரசை நம்பவைத்தவர், கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர். பெயர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். அவர் இறந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாம் சண்டை போடும் எண்களில் பாதி, அவர் போட்ட பாதையில்தான் இன்றும் வருகின்றன.

கப்பலில் படித்த இதழ்கள்

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில், வசதியான பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு 1913-ல் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி.

அங்கே அவருக்கு ஒரு தமிழ் நண்பர் கிடைத்தார், ஸ்ரீனிவாச ராமானுஜன். ராத்திரியில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு படுத்துக்கொண்டிருந்த ராமானுஜனுக்கு, மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகியிருக்கும் கம்பளிகளைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் மஹலனோபிஸ்தான். ஒரு பத்திரிகையில் வந்த கணக்குப் புதிரை அவர் படித்துக்காட்ட, அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே ராமானுஜன் விடை சொன்ன கதையும் பிரபலம்.

படிப்பு முடிந்து 1915-ல் ஊர் திரும்பும் முன், கல்லூரி ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழைக் காட்டினார். மஹலனோபிஸ் அதன் தொகுதிகள் அத்தனையையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அதுதான் வாசிப்பு. விடுமுறைக்கு வந்தவர், போர்க்காலத்தில் திரும்பிப் போகவில்லை. பிரசிடென்சி கல்லூரியிலேயே இயற்பியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். புள்ளியியல் பக்கத்து வேலையாக வளர்ந்தது.

அந்தப் பக்கத்து வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம். 1926-ல் ஒடிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம். ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். சுமார் 60 ஆண்டுப் பதிவுகளை உட்கார்ந்து அலசிய மஹலனோபிஸ், படுகை உயரவே இல்லை என்று காட்டினார். பிரச்சினை, மேலே பெய்த மழை. கண்ணால் பார்த்தவர்களின் அனுபவம் ஒரு பக்கம், பதிவேடு சொல்வது இன்னொரு பக்கம். வாழ்நாள் முழுக்க அவர் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் நின்றார்.

1931 டிசம்பர் 17 அன்று இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கியது. சுருக்கமாக ஐஎஸ்ஐ. (பொருட்களில் ஒட்டும் முத்திரையும் இல்லை, பக்கத்து நாட்டு உளவுத்துறையும் இல்லை.) கல்லூரியின் இயற்பியல் துறையில் ஒரு அறை. முதல் ஆண்டுச் செலவு மொத்தம் 238 ரூபாய்.

ஒரு பானைச் சோறு, கிளறாத பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மாதிரி ஆய்வின் அடிப்படையும் அதுவே. ஆனால் சோற்றுப் பானையில் தண்ணீர் கொதித்து எல்லாப் பருக்கையையும் ஒரே சூட்டில் வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் ஒன்றுதான். நாடு அப்படி இல்லை. சாலை ஓரத்து ஊரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் நாடு பணக்காரத் தோற்றம் தரும். எந்தப் பருக்கையை எடுப்பது என்பதை எடுப்பவரின் கையில் விடக் கூடாது, குலுக்கலுக்கு விட வேண்டும்.

1937-ல் வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது. வங்காளத்தில் ஒரு சிக்கல் உண்டு. நிரந்தர நிலவரித் திட்டம் இருந்ததால், மற்ற மாகாணங்களைப் போல ஊர் ஊராகப் பயிர்க்கணக்கு எழுதும் வருவாய்த்துறை ஊழியர் அங்கே கிடையாது. கிராமக் காவலாளி குத்துமதிப்பாகச் சொல்வதுதான் கணக்கு.

மஹலனோபிஸ் நில வரைபடங்களை எடுத்து, குலுக்கல் முறையில் சிறுசிறு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஆட்களை அனுப்பினார். சிறிய அளவில் ஆரம்பித்து ஐந்து ஆண்டுகள், ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் பெரிதாக. இடையில் சுவாரஸ்யமான ஒன்று தெரியவந்தது. ரொம்பச் சின்ன வட்டம் போட்டு அதற்குள் இருக்கும் பயிரை அறுத்து எடை போட்டால், விளைச்சல் எப்போதும் கூடுதலாகவே வருகிறது. காரணம், கோட்டின் மேல் நிற்கும் செடியை அறுப்பவரின் கை தன்னையறியாமல் உள்ளே சேர்த்துவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கணக்கு தப்பு.

1941-ல் பெரிய சோதனை. மாகாணம் முழுக்க ஒவ்வொரு வயலாக எண்ணிய அரசுக் கணக்கு ஒரு பக்கம், அவருடைய மாதிரி ஆய்வு மறுபக்கம். பிறகு வியாபாரத்துக்கு உண்மையில் வந்து சேர்ந்த சணலை வைத்துச் சரிபார்த்தபோது, மாதிரி ஆய்வு அதற்கு மிக அருகில் இருந்தது. எல்லா வயலையும் எண்ணிய கணக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. செலவிலும் மாதிரி ஆய்வு பல மடங்கு மலிவு.

எல்லாவற்றையும் எண்ணினால்தானே சரியாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆயிரக்கணக்கான ஆட்களை அவசரமாகச் சேர்த்து, பயிற்சி இல்லாமல் அனுப்பினால் தப்பும் ஆயிரக்கணக்கில் வரும். கொஞ்சப் பேரை நன்றாகப் பழக்கி அனுப்பினால் தப்பு குறையும். அதைவிட முக்கியம், தப்பு எவ்வளவு என்று அளக்கவும் முடியும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பார். ஒன்றை ஒரு குழு எடுக்கும், மற்றதை இன்னொரு குழு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது. இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நம்பலாம். பெரிய இடைவெளி வந்தால் எங்கோ கோளாறு, போய்ப் பார். என்னைக் கேட்டால் அவருடைய மற்ற எல்லா வேலைகளையும்விட இதுதான் பெரியது. தன் கணக்கு எந்த அளவுக்குத் தவறாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லும் ஒழுக்கம் இது.

சணல் ஏற்றுமதிப் பயிர். அதற்குக் கணக்கு வேண்டும் என்று வியாபார உலகம் நினைத்தது, பணம் வந்தது. மக்கள் தின்னும் நெல்லுக்கு அந்த அளவு நம்பகமான கணக்கு, 1943-ல் பஞ்சம் வந்தபோது அரசிடம் இல்லை.

பஞ்சத்துக்குப் பிறகு மஹலனோபிஸும் சக ஆய்வாளர்களும் வங்காளக் கிராமங்களில் ஆய்வு நடத்தினார்கள். யார் அதிகம் அழிந்தார்கள்? விவசாயக் கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள். அதாவது அரிசியை விலைக்கு வாங்க வேண்டியவர்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 1981-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அமர்த்தியா சென் இந்தத் தரவுகளையும் பயன்படுத்தித்தான் வாதிட்டார்: 1943-ல் அரிசி இருப்பு 1941-ஐவிட மோசமில்லை, ஆனால் விலை எகிறியது, கூலி எகிறவில்லை. உற்பத்தி, விலை, வேலை ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

255 ரூபாய்

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகர் ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய வருமானக் குழு அமைந்தது. தலைவர் மஹலனோபிஸ். உறுப்பினர்கள் டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ்.

தேசிய வருமானம் என்றால் நாட்டில் நடந்த விற்பனையை எல்லாம் கூட்டுவது அல்ல. சணலையே எடுத்துக்கொள்வோம். விவசாயி 100 ரூபாய்க்குச் சணல் விற்கிறார். மில் அதைக் கோணிப்பையாக்கி 160-க்கு விற்கிறது. கடைக்காரர் 180-க்கு விற்கிறார். மூன்றையும் கூட்டினால் 440. ஆனால் அதில் அதே சணலின் விலை மூன்று தடவை ஏறிவிட்டது. உண்மையில் புதிதாக உருவான மதிப்பு விவசாயியிடம் 100, மில்லில் 60, கடையில் 20, ஆக 180 தான். இன்றைக்கு ஜிடிபி என்று நாம் சொல்வதும் இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பின் கூட்டல்தான்.

மில்லிடம் கணக்குப் புத்தகம் இருக்கும். தறிக்காரரிடம், தலைச்சுமை வியாபாரியிடம், விளைந்ததில் பாதியை வீட்டிலேயே சாப்பிட்டுவிடும் விவசாயியிடம் எது இருக்கும்? கைவசம் இருந்ததை வைத்துக்கொண்டு 1951-ல் குழு தன் முதல் அறிக்கையைக் கொடுத்தது. 1948-49-ல் தேசிய வருமானம் 8,710 கோடி ரூபாய். தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 255 ரூபாய். தாதாபாய் நவ்ரோஜி 1867-68-க்கு 20 ரூபாய் என்று தனியாளாகக் கணக்குப் போட்டிருந்தார். நாட்டின் சொந்த அரசு தன் பொறுப்பில் போட்ட கணக்கு இப்போதுதான் வந்தது. 1954-ல் இறுதி அறிக்கை வந்தபோது இந்த எண் கொஞ்சம் குறைத்துத் திருத்தப்பட்டது. ஜிடிபி திருத்தப்படும்போதெல்லாம் ஏதோ மோசடி என்று சந்தேகப்படுபவர்கள் கவனிக்கலாம், முதல் கணக்கிலேயே திருத்தம் உண்டு.

மாசத்துக்கா, வாரத்துக்கா?

ஓட்டையை அடைக்கத்தான் தேசிய மாதிரி ஆய்வு, என்எஸ்எஸ். முதல் சுற்று 1950 அக்டோபரில் தொடங்கியது. ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் 1,833 மட்டும் தேர்வாகின. இவ்வளவு கம்மியா என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒரு மாதிரியின் துல்லியம், அது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து இல்லை. எத்தனை பேரைக் கேட்டோம், எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைத்தான் பெரிதும் பொறுத்தது. ரத்தப் பரிசோதனைக்கு யாரும் ஒரு லிட்டர் ரத்தம் எடுப்பதில்லை.

களப்பணியாளர்கள் படாத பாடு பட்டார்கள். ஊருக்கு ஊர் படி வேறு, சேர் வேறு, நில அளவு வேறு. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதே ஒரு ஆராய்ச்சி. போன வாரம் எவ்வளவு அரிசி வாங்கினீர்கள் என்று கேட்டால் வரும் விடையும், போன மாதம் எவ்வளவு என்று கேட்டால் வரும் விடையும் பொருந்தவில்லை. ஒரு வாரக் கணக்கு கூடுதலாகவே வந்தது. 1950-களின் தொடக்கத்தில் மஹலனோபிஸும் சக ஆய்வாளர் ஒருவரும் இதைச் சோதித்துப் பார்த்து, ஒரு மாதமே உண்மைக்கு நெருக்கம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு என்எஸ்எஸ் 30 நாள் கணக்கையே கேட்டது. 1999-2000 சுற்றில் உணவுக்கு 7 நாள், 30 நாள் இரண்டையும் சேர்த்துக் கேட்கப்போய், இந்தியாவில் வறுமை எவ்வளவு குறைந்தது என்பதே பெரிய சர்ச்சையானது.

இந்தச் செலவுக் கணக்குதான் பணவீக்கத்தின் முதுகெலும்பு. தக்காளி விலை இரட்டிப்பானால் உங்கள் செலவு எவ்வளவு கூடும் என்பது, நீங்கள் தக்காளிக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட சில்லறை விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை. இந்த எடை 2011-12 என்எஸ்எஸ் செலவு ஆய்விலிருந்து வந்தது. இது சராசரிக் குடும்பத்தின் கூடை. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் சாப்பாட்டுக்கே இன்னும் பெரிய பங்கு போகும். அதனால்தான் பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வரும் நாளில், மார்க்கெட்டுக்குப் போய் வந்தவருக்குக் கோபம் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

மஹலனோபிஸுக்கும் இந்தச் சராசரி உறுத்தியது. விலை மாறிக்கொண்டே இருக்கும்போது, மாதம் 20 ரூபாய் செலவழித்தவரை ஐந்து ஆண்டு கழித்து 20 ரூபாய் செலவழிப்பவரோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எனவே வீடுகளை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, சம அளவுக் குழுக்களாகப் பிரித்து, அன்றைய கடைசிப் பத்து சதவீதத்தை இன்றைய கடைசிப் பத்து சதவீதத்தோடு ஒப்பிடும் முறையை 1960-ல் வெளியிட்டார்.

அளந்தவர் திட்டம் போட்டபோது

இதுவரை அளப்பவராக இருந்தவர், 1950-களின் நடுவில் நேருவின் நம்பிக்கையோடு திட்டம் போடுபவரானார். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் (1956-61) வரைவு அவருடையது. எஃகு, இயந்திரம் என்று கனரகத் தொழிலில் முதலீட்டைக் குவித்தால் பிற்பாடு வளர்ச்சி வேகமெடுக்கும். அதுவரை துணி மாதிரியான நுகர்வுப் பொருட்களையும் வேலைவாய்ப்பையும் கைத்தறியும் குடிசைத் தொழிலும் பார்த்துக்கொள்ளும். காகிதத்தில் அழகான சமன்பாடு.

அரசுத் துறைச் செலவு 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதி, அதாவது கிட்டத்தட்ட நோட்டு அடித்து ஈடுகட்டுவது. இது விலைவாசியை ஏற்றும் என்று பி.ஆர். ஷெனாய் என்ற பொருளாதார அறிஞர் 1955-ல் தனியாளாக மறுப்புக் குறிப்பு எழுதினார். சி.என். வகீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும் வேறு பக்கத்திலிருந்து கேட்டார்கள்: தொழிலாளி கூலியில் வாங்கிச் சாப்பிட வேண்டிய உணவும் உடுப்பும் எங்கிருந்து வரும்?

1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி. திட்ட காலத்தில் மொத்த விலைகள் சுமார் 30 சதவீதம் ஏறின. வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகள் எழுந்தன என்பதும் உண்மை. வங்காளத்துக் கூலிக்கு அரிசி விலை என்ன செய்தது என்று கிராமம் கிராமமாக ஆள் அனுப்பி எழுதிவைத்தவரின் சமன்பாட்டில், விலைக்கு இடம் இல்லாமல் போனதுதான் எனக்கு விளங்காத முரண்.

1960-ல் இன்னொரு குழு. நாட்டின் வருமானம் கூடியிருக்கிறது, அது யாரிடம் போனது என்று கண்டுபிடிக்க. அதற்கும் தலைவர் அவர்தான். 1964-ல் வந்த அறிக்கை, பொருளாதார பலம் சில கைகளில் குவிவதைச் சுட்டிக்காட்டியது. தனிநபர் வருமானம் என்ற எண்ணைப் போட்டுக்கொடுத்தவரே, அது எதை மறைக்கிறது என்றும் எழுதவேண்டி வந்தது.

வேலை இருக்கா, இல்லையா?

மூன்று எண்களில் மிகக் கஷ்டமானது வேலையின்மைதான். சூத்திரம் சுலபம். 100 பெரியவர்கள் இருக்கிறார்கள். அதில் 50 பேர் வேலை பார்க்கிறார்கள் அல்லது தேடுகிறார்கள். இந்த 50 பேரில் 3 பேருக்கு வேலை கிடைக்கவில்லை. வேலையின்மை 6 சதவீதம். அலுத்துப்போய்த் தேடுவதை நிறுத்தியவர் இந்த 50-க்குள்ளேயே வர மாட்டார். அவர் வெளியே போகப் போக விகிதம் குறையும்!

நடவு நேரத்தில் வேலை, அப்புறம் இரண்டு மாதம் சும்மா, அப்புறம் அறுவடை. இவருக்கு வேலை உண்டா, இல்லையா? அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே ஏக்கரில் உழைத்தால்? தொழிற்சாலை நாடுகளின் வேலையின்மை வரையறை இங்கே பொருந்தாது என்பதில் மஹலனோபிஸ் தெளிவாக இருந்தார். 1955-ல் என்எஸ்எஸ்ஸின் ஒன்பதாவது சுற்று நாடு தழுவி வேலை பற்றிக் கேட்டது. ஆனால் எப்படிக் கேட்பது என்ற வாதம் ஓயவில்லை. 1970-ல் எம்.எல். தாந்த்வாலா தலைமையிலான குழுதான் வழி சொன்னது: ஒரே ஆளை ஆண்டுக் கணக்கில், வாரக் கணக்கில், நாள் கணக்கில் என்று தனித்தனியாகப் பார். 2017-18-ல் 6.1 சதவீதம் என்று பேசப்பட்டது ஆண்டுக் கணக்கு. அதே ஆய்வில் வாரக் கணக்கு இன்னும் கூடுதல். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் யாராவது வேலையின்மை எண்ணைக் காட்டினால், அதைக் கேட்டுவிடுங்கள்.

அதே 1970-ல் என்எஸ்எஸ், ஐஎஸ்ஐ-யின் கையைவிட்டு முழுக்க அரசு அமைப்பாக மாறத் தொடங்கியது. கேள்வியை வடிவமைப்பவர்களும் விடையால் சங்கடப்படக்கூடியவர்களும் ஒரே கூரைக்கு அடியில் வந்தார்கள். 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி, வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் அரசு முடிவெடுத்தது. அடுத்த ஆய்வு 2022-23-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் 2011-12 கூடையை வைத்தே பணவீக்கம் கணக்கிட்டோம்.

மஹலனோபிஸ் 1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் இறந்தார். தாந்த்வாலா குழு சொன்ன முறையில் முதல் பெரிய வேலைவாய்ப்பு ஆய்வு, என்எஸ்எஸ்ஸின் 27-வது சுற்று, அந்த ஆண்டு அக்டோபரில் ஆரம்பமானது.